ஒரே எண்ணில் இரண்டு லாகர்: மீன் வண்டிக் கருவிகளை எதை வைத்து நம்புவது?

முட்டம்_கலங்கரை எழுதியது:

குளச்சல் பக்கம் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் ஐடி பார்க்கிறேன். கணவாயையும் இறாலையும் மைனஸ் 18 டிகிரிக்கு உறைய வைத்து சில நாள் தூத்துக்குடிக்கும் சில நாள் கொச்சிக்கும் கன்டெய்னரில் அனுப்புகிறோம். ஒவ்வொரு கன்டெய்னரிலும் சிம் போட்ட ஒரு டேட்டா லாகர் இருக்கும். வெப்பநிலையை அளக்கும் ப்ரோப் உள்ளே, பெட்டி வெளியே. சில நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையும் இடமும் சர்வருக்கு வரும், சரக்கு கப்பல் ஏறும் வரை அந்தப் பதிவுதான் எங்களுக்குச் சாட்சி.

இப்போது ஒரே லாகர் எண்ணிலிருந்து இரண்டு விதமான கணக்கு வருகிறது. வள்ளியூர் தாண்டிப் போகிற வண்டியில் மைனஸ் 19 காட்டுகிறது, அதே நேரத்தில் அதே எண் எங்கள் ஸ்டோர் ரூமிலிருந்து 31 டிகிரி காட்டுகிறது. தோண்டிப் பார்த்தால், ஒரு லாகர் பழுதானபோது விற்பனையாளர் மாற்றுக் கருவி தந்து அதில் பழைய எண்ணையே எழுதியிருக்கிறார், உங்கள் சாப்ட்வேரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று அதை ஒரு வசதியாகவே சொன்னார். அப்புறம் பழையதும் ரிப்பேர் ஆகித் திரும்பி வந்தது, யாரோ சார்ஜில் போட்டார்கள், அதுவும் பேச ஆரம்பித்துவிட்டது. சர்வர் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஏனென்றால் அவர் தந்த எல்லா லாகரிலும் ஒரே யூசர்நேம், ஒரே பாஸ்வேர்ட், ஒரே சர்டிபிகேட் ஃபைல்!

கேட்டால் "ஐஎம்இஐ எண் இருக்கிறதே, அதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். ஐரோப்பாவில் சரக்கு வாங்குபவரோ, இந்தப் பதிவு இந்தக் கன்டெய்னரில் இருந்த கருவியிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேட்டிருக்கிறார். கருவி செய்தவர், விற்றவர், நாங்கள், லாரி ஒப்பந்தக்காரர், துறைமுகத்து ஏஜென்ட் என்று ஐந்து கை மாறுகிறது. இதில் கருவியின் அடையாளத்துக்கு யார் பொறுப்பு? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களியக்காவிளை_எக்ஸ்பிரஸ் எழுதியது:

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இதே மாதிரி கருவிகளுக்கு சர்வர் பக்கம் எழுதுகிற வேலைதான் எனக்கு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் அண்ணாச்சி.

ஐஎம்இஐ, சீரியல் நம்பர், மேக் அட்ரஸ் எல்லாமே கருவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயர்கள். சொல்வது உண்மையா என்று சர்வரால் சோதிக்க முடியாது. லாகர் அனுப்பும் பாக்கெட்டில் ஐஎம்இஐ என்பது வெறும் பதினைந்து இலக்கம், என் லேப்டாப்பிலிருந்தும் அதே பதினைந்து இலக்கத்தை எழுதி அனுப்ப முடியும். உங்கள் விற்பனையாளர் சொல்கிற வழியில் இன்றைக்குத் தெரிந்த இரண்டு லாகரைப் பிரித்துப் பார்க்கலாம், நாளைக்கு எவனாவது வேண்டுமென்றே ஒரு பொய் லாகரை உள்ளே விட்டால் கண்டுபிடிக்க முடியாது.

சோதிக்கக்கூடிய அடையாளம் வேண்டுமென்றால் ஒவ்வொரு கருவிக்குள்ளும் அதற்கே உரிய ஒரு பிரைவேட் கீ, அதாவது வெளியே யாருக்கும் தெரியாத ரகசிய எண், இருக்க வேண்டும். சர்வர் ஒரு புதிய எண்ணைக் கொடுத்து கையெழுத்துப் போடச் சொல்லும், அந்தக் கீயை வைத்திருக்கும் கருவியால் மட்டும் சரியான கையெழுத்தைத் திருப்பித் தர முடியும். அந்தக் கையெழுத்தைச் சோதிக்க உதவும், எல்லோருக்கும் காட்டக்கூடிய ஜோடிக் கீதான் பப்ளிக் கீ. சர்டிபிகேட் என்பது "இந்தப் பப்ளிக் கீ இந்தக் கருவியுடையது" என்று நாம் நம்புகிற ஒருவர் எழுதித் தரும் சீட்டு. சீட்டை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், அதில் பாதகமில்லை, கீ வெளியே போகக் கூடாது. அதனால்தான் செக்யூர் எலிமென்ட் என்று தனியாக ஒரு சின்ன சிப்பே வருகிறது. கீ அதற்குள்ளேயே உருவாகும், உள்ளேயே இருந்து கையெழுத்துப் போடும், வெளியே எடுத்துப் படிக்க வழி கிடையாது.

உங்களிடம் இருக்கிற மாதிரி எல்லாக் கருவிக்கும் ஒரே கீ என்றால், பழைய இரும்புக்கடைக்குப் போன ஒரே ஒரு லாகரைப் பிரித்து மெமரியைப் படித்தவன் உங்கள் மொத்த வண்டிக்கும் ஆள் மாறாட்டம் செய்யலாம். அந்தக் கீயை முடக்கினால் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும், முடக்காமல் விட்டால் அவன் உள்ளேயே இருப்பான். 2016ல் மிராய் என்ற நிரல் உலகம் முழுக்க கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இந்த மாதிரிப் பொதுப் பாஸ்வேர்டுகளை வைத்துத்தான், தொழிற்சாலையில் வைத்த அறுபது சொச்சம் யூசர்நேம் பாஸ்வேர்ட் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவே. அந்த அக்டோபரில் வெப்சைட் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தையே சாய்த்துவிட்டார்கள், ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின.

பேச்சிப்பாறை_ரப்பர் எழுதியது:

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாங்கள் ஷீட் ரப்பர் உலர்த்தும் சின்ன யூனிட், புகைக்கூடத்தில் நாலைந்து சென்சார், அவற்றின் கணக்கை இணையத்துக்கு அனுப்பக் கிடங்கில் ஒரு கேட்வே. மீன் ஆலைக்காரருக்காவது வெளிநாட்டுக்காரர் கேட்கிறார். எங்களை மாதிரி ஆட்களுக்கு சிப், சர்டிபிகேட் என்று செலவு ஏற்றுவதைவிட ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட் வைத்தால் போதாதா? எதைக் கேட்டாலும் பெரிய கம்பெனி முறையைச் சொல்கிறீர்கள்.

களியக்காவிளை_எக்ஸ்பிரஸ் எழுதியது:

> தனித்தனிப் பாஸ்வேர்ட் வைத்தால் போதாதா?

இன்றைக்கு இருக்கிற நிலையைவிட நூறு மடங்கு மேல், தாராளமாகச் செய்யுங்கள். ஒரு கருவி தொலைந்தால் அதை மட்டும் நிறுத்தலாம், மற்றவை ஓடும். குறை என்னவென்றால் பாஸ்வேர்ட் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டிய ரகசியம். கருவியில் இருக்கும், சர்வரில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும், கருவியில் ஏற்றிவிட்ட பையனின் எக்ஸெல் ஷீட்டில் இருக்கும், அந்த ஷீட் வாட்ஸ்அப்பில் இருக்கும். கீ முறையில் சர்வரைத் திருடினாலும் பப்ளிக் கீதான் கிடைக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சிப் செலவு பயப்படுகிற அளவு இல்லை, மொத்தமாக வாங்கினால் ஒன்று நூறு ரூபாய் அளவில் வரும். செலவு பிடிப்பது அதை ஒழுங்காக ஏற்றி, பதிந்து, வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. இன்னொன்று, சிப் இல்லாத கருவியில் கீ உருவாக்கும்போது கவனம். 2012ல் ஆராய்ச்சியாளர்கள் இணையம் முழுக்க இருந்த கீகளைச் சேகரித்துப் பார்த்தபோது ஏகப்பட்ட ரவுட்டர், ஃபயர்வால் கருவிகளில் ஒரே கீ திரும்பத் திரும்ப இருந்தது, சிலவற்றின் கீயைக் கணக்குப் போட்டே உடைக்க முடிந்தது. முதல் தடவை பவர் போட்ட உடனே கீ செய்தால் அந்தச் சின்ன கருவியிடம் போதுமான ரேண்டம் எண் இருக்காது, எல்லாக் கருவியும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும். "கருவிக்குள்ளேயே தனிக் கீ உருவாகிறது" என்று விற்பனையாளர் சொன்னால், ரேண்டம் எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.

முப்பந்தல்_காற்றாடி எழுதியது:

ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைப் பராமரிப்பு வேலை எனக்கு. மீனுக்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சிக்கல் ஒன்றேதான்.

இங்கே பல காற்றாலைகளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. செய்த கம்பெனி கை மாறிப்போனது, உரிமையாளர் மாறினார், பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனையோ தடவை மாறியது. கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் இருக்கும் மோடம் மட்டும் முதல் நாள் யார் வைத்தார்களோ அவர்களுடைய சர்வரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கும். நாங்கள் ஒரு இடத்தில் பொறுப்பேற்றபோது பழைய பராமரிப்பு நிறுவனத்தின் லாகின் அப்படியே உயிரோடு இருந்தது, அதை வைத்து டர்பைனை நிறுத்தவே முடியும். ஒப்பந்தம் முடிந்த அன்றைக்குக் காசோலை, சாவி, ஸ்டோர் சாமான் எல்லாம் எண்ணி ஒப்படைத்திருக்கிறார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் விடவில்லை, அந்த லாகினை நீக்குவது இன்னார் வேலை என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் போர் தொடங்கிய அதே நாளில், வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் சேவையில் ஆயிரக்கணக்கான மோடம்கள் ஒரே நேரத்தில் செத்துப்போயின. ஜெர்மனிக்காரர்களான எனர்கான் கம்பெனியின் 5,800 காற்றாலைகளுக்குத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் தொடர்பு அறுந்துபோனது. காற்றாலைகள் தானாக ஓடிக்கொண்டிருந்தன, அது நல்ல காலம். தாக்கியவர்கள் வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குள் நுழைய வைத்திருக்கும் ஒரு விபிஎன் கருவியின் தவறான அமைப்பின் வழியாக நிர்வாகப் பகுதிக்குள் போய், அங்கிருந்து மோடம்களுக்கு முறையான நிர்வாகக் கட்டளைகளையே அனுப்பியிருக்கிறார்கள். மோடம் பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டளை தன் முதலாளியிடமிருந்து வந்த மாதிரியேதான் இருக்கும்.

அதனால் முட்டம் அண்ணாச்சிக்கு நான் சொல்வது, லாகர் யார் என்று சர்வருக்குத் தெரிந்தால் போதாது, தனக்குக் கட்டளை கொடுப்பது யார் என்று லாகருக்கும் தெரிய வேண்டும். அப்புறம் அந்த அடையாளத்துக்கு என்னென்ன அதிகாரம் என்பதையும் சுருக்கி வைக்க வேண்டும். வெப்பநிலை எழுதுகிற கருவி வெப்பநிலையை மட்டும் எழுதட்டும். அமெரிக்காவில் டார்கெட் கடைகளில் 2013ல் 4 கோடி கார்டு விவரம் திருடு போனதற்கு முதல் வாசல் எது தெரியுமா? குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் லாகின். குளிர்பெட்டி பார்க்க வந்தவருடைய அனுமதியிலிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் வழி இருந்திருக்கிறது.

வடசேரி_சந்தை எழுதியது:

நான் தரக்கட்டுப்பாட்டுப் பக்கம். தம்பிமார் எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், ப்ரோப்பை மறந்துவிட்டீர்கள்.

வெப்பநிலையை அளப்பது உள்ளே தொங்குகிற ப்ரோப். அதற்குத் தனி சீரியல் நம்பர், சரியாக அளக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்ததற்குத் தனி கேலிபரேஷன் சான்று. லோடு ஏற்றும்போது ஒயர் அறுந்தால் டிரைவர் ஸ்பேர் ப்ரோப்பை மாட்டிவிட்டுப் போவார். பெட்டியின் கீ அதேதான், கையெழுத்து சரியாகத்தான் இருக்கும், ஆனால் கேலிபரேட் செய்யாத ப்ரோப்பின் எண்ணுக்கு அது கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். ப்ரோப்பை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டால் இன்னும் மோசம், உங்கள் சிப் எல்லாம் சேர்ந்து ஒரு பொய்யை மிகப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வாங்குபவர் ஆதாரம் என்று கேட்கும்போது அவருக்கு வேண்டியது ஒரு தொடர்: இந்தக் கன்டெய்னர் எண், இந்த சீல் எண், இந்த லாகர், அதில் இந்த ப்ரோப், அந்த ப்ரோப்புக்கு அந்தத் தேதியில் செல்லுபடியான கேலிபரேஷன், மாட்டியவர் யார், எத்தனை மணிக்கு. கண்ணி ஒன்று விட்டுப்போனாலும் சர்டிபிகேட்டை நீட்டிப் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 37/2005 விதிமுறை உறைந்த உணவைக் கொண்டுபோகும் இடத்திலும் வைக்கும் இடத்திலும் வெப்பநிலை பதியச் சொல்கிறது. கருவி இஎன் 12830 தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். அங்கே இருப்பவர் கேட்பது இந்தப் பின்னணியில்தான், சும்மா குடைச்சல் கொடுக்கக் கேட்கவில்லை.

என் அனுபவத்தில் லோடு ஏற்றும் இடத்தில் போனில் ஸ்கேன் செய்து லாகர், ப்ரோப், கன்டெய்னர், சீல் நான்கையும் ஒன்றாகக் கட்டிவிடுவதுதான் முதல் வேலை. அங்கே நிற்கும் பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு ஈரத்தில் வேலை செய்கிறார்கள் என்பதை மனதில் வைத்து ஆப் செய்யுங்கள், எட்டுத் திரை தாண்டிப் போகிற ஆப்பை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்து மாலையில் மொத்தமாக ஏற்றுவார்கள்.

முட்டம்_கலங்கரை எழுதியது:

அக்கா, ப்ரோப் விஷயம் நான் நினைத்தே பார்க்காத கோணம், நாளைக்கே ஸ்டோரில் இருக்கும் ப்ரோப் எல்லாவற்றையும் எண் வாரியாக எடுத்துவிடுகிறேன்.

விற்பனையாளரிடம் மறுபடி பேசினேன். புதிய பேட்ச்சில் சிப் இருக்கிறதாம், இதுவரை பயன்படுத்தவில்லையாம். ஒவ்வொரு லாகருக்கும் தனி சர்டிபிகேட் தருகிறோம், 90 நாள் செல்லுபடி, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், உலகமே இப்போது குறைந்த நாள் சர்டிபிகேட்டுக்குத்தான் போகிறது என்கிறார். இனி வெப்சைட்டுக்கே 47 நாள்தான் என்றும் ஒரு செய்தியை அனுப்பினார். ஒத்துக்கொள்ளலாமா?

களியக்காவிளை_எக்ஸ்பிரஸ் எழுதியது:

கையெழுத்துப் போடும் முன்னால் மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள்.

நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. உங்கள் ஆலையில் பாதி லாகர் அந்த இரண்டு மாதமும் அலமாரியில் கிடக்கும், பேட்டரி தீர்ந்து செத்திருக்கும். 90 நாள் சர்டிபிகேட் பொதுவாக முப்பது நாள் மிச்சம் இருக்கும்போது புதுப்பித்துக்கொள்ளும். அப்படியென்றால் மே 31 அன்று அணைத்த லாகரில் 30 முதல் 90 நாள் வரை எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் இருக்கலாம். 61 நாளுக்குக் குறைவாக இருந்ததெல்லாம் ஆகஸ்ட் 1 அன்று காலாவதி. ஏறக்குறைய பாதி லாகர்! புதுப்பிக்க வேண்டுமென்றால் சர்வருக்குள் நுழைய வேண்டும், நுழைய வேண்டுமென்றால் செல்லுபடியான சர்டிபிகேட் வேண்டும். படகெல்லாம் ஒரே நாளில் கிளம்பி, மீன் மலையாக வந்து இறங்கும் வாரத்தில் உங்கள் லாகர் பாதி வாசலில் நிற்கும்.

அது மட்டும் இல்லை. பேட்டரி தீர்ந்தால் கருவிக்குள் இருக்கும் கடிகாரமும் நிற்கும். திரும்ப உயிர் வரும்போது சில கருவிகள் 1970 ஜனவரி 1 என்றும் சில 2000 என்றும் நினைத்துக்கொள்ளும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு சர்வரின் சர்டிபிகேட்டைப் பார்த்தால் "இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை" என்று லாகர் தானே தொடர்பைத் துண்டித்துவிடும். மொபைல் நெட்வொர்க்கிலிருந்தோ ஜிபிஎஸ்ஸிலிருந்தோ முதலில் நேரத்தைச் சரி செய்துவிட்டுத்தான் மற்ற வேலை என்று ஃபர்ம்வேரில், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளில், இருக்க வேண்டும். பழைய ஜிபிஎஸ் ரிசீவரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், வாரக் கணக்கு 1,024 வாரத்தில் சுழியத்துக்குத் திரும்பிவிடும், 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் திரும்பியபோது பழைய ரிசீவர்கள் சில தேதியைத் தப்பாகக் காட்டின.

47 நாள் செய்தி உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. பிரவுசர்கள் நம்புகிற பொது சர்டிபிகேட்டுக்கான விதி அது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று குறைந்துகொண்டே வரும். லாகருக்குப் பொது சர்டிபிகேட் தேவையே இல்லை, உங்களுக்கென்று ஒரு தனி சிஏ, அதாவது சர்டிபிகேட் எழுதித் தரும் இடம், வைத்துக்கொள்ளலாம், அதில் எத்தனை நாள் என்பது உங்கள் முடிவு.

இதற்கு ஐஇஇஇ 802.1ஏஆர் என்று ஒரு தரமே இருக்கிறது, 2009ல் வந்தது, 2018ல் திருத்தினார்கள். அதில் கருவிக்கு இரண்டு அடையாளம். தொழிற்சாலையில் சிப்புக்குள் வைக்கும் முதல் சர்டிபிகேட், அது கருவியின் ஆயுள் முழுக்க மாறாது, முடிவுத் தேதியையே 9999 டிசம்பர் 31 என்று போடலாம். அப்புறம் அதை வாங்கி ஓட்டுபவர் தன் இடத்தில் தரும் உள்ளூர் சர்டிபிகேட், இது காலாவதியாகும், மாறும். பிறப்புச் சான்றிதழும் ரேஷன் கார்டும் மாதிரி. ரேஷன் கார்டு போய்விட்டால் பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் புதிது வாங்கலாம். தடைக்காலம் முடிந்து வரும் லாகர் முதல் சர்டிபிகேட்டைக் காட்டி, "நான் இன்ன கருவி, எனக்குப் புது உள்ளூர் சர்டிபிகேட் தாருங்கள்" என்று மட்டும் கேட்க முடிய வேண்டும். அதை வைத்து வெப்பநிலை எழுத முடியக் கூடாது. விற்பனையாளரிடம் இதைக் கேளுங்கள். உள்ளூர் சர்டிபிகேட்டை ஒரு வருடம் என்று வையுங்கள், அலமாரிக்குப் போகும் முன் மே மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள்.

காலாவதித் தேதியைக் கவனிக்காமல் விட்டால் பெரிய ஆட்களுக்கும் இதே கதிதான். 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் மென்பொருளில் ஒரு சர்டிபிகேட் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2 மொபைல் வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்க டேட்டா இல்லை, ஜப்பானில் சாப்ட்பேங்கும் விழுந்தது.

தூத்தூர்_ஆழ்கடல் எழுதியது:

நீங்கள் பேசுவது சரக்கு கரைக்கு வந்த பிறகு. அதற்கு முன்னால் படகில் ஒரு கதை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் படகுகள் சூரைக்கும் சுறாவுக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும். படகின் இடத்தை மற்ற கப்பல்களுக்கு ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி, படகின் அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணை வானத்தில் கத்திக்கொண்டே போகும், இந்தியப் படகு என்றால் 419 என்று தொடங்கும். அந்த எண்ணை உறுதிப்படுத்த ஏஐஎஸ்ஸில் எந்த வழியும் கிடையாது, கையெழுத்து கிடையாது, யார் எந்த எண்ணைப் போட்டாலும் எதிரே வருகிற கப்பல் நம்பித்தான் ஆக வேண்டும். செகண்ட் ஹேண்டில் கருவி வாங்கிப் பழைய எண்ணோடேயே மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆபத்து நேரத்தில் அழுத்தும் டிஏடி கருவியும் அப்படித்தான். அழுத்தினால் கருவியின் எண் செயற்கைக்கோள் வழியாக சென்னையில் கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போகும், அவர்கள் பதிவேட்டைப் பார்த்து எந்தப் படகு, யாருடையது என்று தெரிந்துகொள்வார்கள். படகை விற்றபோது பதிவேட்டை மாற்றாவிட்டால்? ஒரு படகின் கருவியைக் கழற்றி இன்னொரு படகில் மாட்டினால்? இங்கே மூழ்கிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கரையில் கட்டிக்கிடக்கும் படகின் ஓனருக்குப் போன் போடுவார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எந்தப் படகு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் எங்கள் கடற்கரை முழுக்க நின்று அழுதது, அதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிவேடு எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் 1 லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இரண்டு பக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் தருகிறார்கள், மிக நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனால் படகு கை மாறும்போதெல்லாம் கருவியின் பதிவும் சேர்ந்து மாறுகிறதா என்று துறைமுகத்திலேயே பார்க்க ஆள் வேண்டும்.

மீன் எங்கே பிடித்தது என்று வாங்குபவர் கேட்கிற காலமும் வந்துவிட்டது. படகின் கருவியே ஆள் மாறியிருந்தால் ஆலையில் நீங்கள் போடும் சிப் எதற்கு மக்கா?

பேச்சிப்பாறை_ரப்பர் எழுதியது:

முதலில் செலவு என்று சொன்னவன் நான்தான். காற்றாடி சொன்ன பழைய லாகின் விஷயத்தைப் படித்துவிட்டு எங்கள் கேட்வேயைப் பொருத்தியவரிடம் கேட்டேன், அவருக்கு இன்னும் உள்ளே வர வழி இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்கிறார். சரி, சின்ன யூனிட் வைத்திருக்கிற நான் அடுத்த தடவை கருவி வாங்கும்போது பர்ச்சேஸ் ஆர்டரில் என்ன எழுத வேண்டும்? எனக்குப் புரிகிற மாதிரி ஒருவர் எழுதுங்கள்.

வடசேரி_சந்தை எழுதியது:

நான் எங்கள் இடத்தில் எழுதியதைச் சொல்கிறேன், டெக்னிக்கலாகத் தம்பி திருத்தட்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கீ, எந்த இரண்டு கருவியிலும் ஒரே ரகசியம் இருக்கக் கூடாது. டெலிவரியோடு சீரியல் நம்பரும் பப்ளிக் கீயும் உள்ள பட்டியல் தனியாக வர வேண்டும், பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பணம். மாற்றுக் கருவி புது அடையாளத்தோடு மட்டுமே வரும், பழையது அன்றைக்கே முடக்கப்படும். விற்பனையாளர் தூரத்திலிருந்து உள்ளே வர வேண்டுமென்றால் நாங்கள் திறந்துவிடும் நேரத்துக்கு மட்டும். கருவியைக் கழிக்கும்போது கீயை அழித்ததற்கு எழுத்தில் உறுதி. கடைசியாக, விற்பனையாளர் தொழிலை விட்டாலும் எங்கள் கருவி வேறு சர்வரில் ஓடும்படி இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரிக்குத்தான் எல்லோரும் முரண்டு பிடிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

களியக்காவிளை_எக்ஸ்பிரஸ் எழுதியது:

அக்கா எழுதியதில் திருத்த ஒன்றுமில்லை, ஒரு வரி சேர்க்கிறேன்: ஃபர்ம்வேர் அப்டேட் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும், கையெழுத்தை லாகரே சோதித்துவிட்டு ஏற்ற வேண்டும். அதற்கு மேல் விற்பனையாளர் தன் கையெழுத்துக் கீயை எப்படிப் பாதுகாக்கிறார் என்றும் கேளுங்கள். 2010ல் ஸ்டக்ஸ்நெட் என்ற நாச நிரல் வந்தது ரியல்டெக், ஜேமைக்ரான் இரண்டு நிறுவனங்களின் கீயில் கையெழுத்திட்ட டிரைவரோடு. 2020ல் சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி விஷயத்தில் தாக்கியவர்கள் மென்பொருளைக் கட்டும் இடத்துக்குள்ளேயே புகுந்துவிட்டதால் அப்டேட்டில் கம்பெனியின் உண்மையான கையெழுத்தே இருந்தது.

உங்கள் சொந்த சிஏவின் ரூட் கீயை, அதாவது எல்லாச் சர்டிபிகேட்டுக்கும் அடிப்படையான கீயை, நெட்வொர்க்கோடு சேராத ஒன்றில் வைத்துப் பூட்டுங்கள், வருடத்தில் ஓரிரு தடவைதான் வெளியே எடுக்க வேண்டிவரும், அப்போது இரண்டு பேர் இருக்கட்டும். அன்றாட வேலைக்கு அதன் கீழே ஒரு துணை சிஏ. ஓப்பன் சோர்ஸில் இதற்கு நல்ல மென்பொருள் கிடைக்கிறது, காசு போடத் தேவையில்லை. ரப்பர் அண்ணாச்சியின் நாலைந்து சென்சாருக்கு இது தேவையில்லை, தனிப் பாஸ்வேர்டும் ஒரு ஒழுங்கான பதிவேடும் போதும்.

முட்டம்_கலங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதுவரை முடிவானது இது. புதிய பேட்ச் லாகர்களில் சிப்பைப் பயன்படுத்தும் ஃபர்ம்வேர் வரும், தொழிற்சாலை சர்டிபிகேட், உள்ளூர் சர்டிபிகேட் என்று இரண்டடுக்காக. பழைய பேட்ச்சுக்குத் தனித்தனிப் பாஸ்வேர்ட், அவற்றை ஏற்றுமதிக் கன்டெய்னரில் வைப்பதில்லை, உள்ளூர் ஐஸ் வண்டிக்கு மட்டும். சிஏ எங்களிடம் இருக்கும். ஒரே எண்ணில் இரண்டு கருவி பேசினால் சர்வர் இரண்டையும் நிறுத்திவைத்து எனக்குச் செய்தி அனுப்பும்படி இன்றைக்கே மாற்றிவிட்டேன்.

முடியாமல் நிற்பது லாரி ஒப்பந்தக்காரர் விஷயம். வண்டியின் குளிர்பதன யூனிட்டில் அவருடைய சொந்த டிராக்கர் இருக்கிறது, கதவு திறந்த நேரம் அதில்தான் தெரியும், அதை எங்கள் சர்வருக்கு அனுப்பச் சம்மதிக்கிறார். ஆனால் அதே வண்டி சீசன் முடிந்ததும் வேறு ஆலைக்கு ஓடும். எங்கள் சிஏவிலிருந்து அவர் டிராக்கருக்கு சர்டிபிகேட் கொடுத்தால் பிறகு திரும்ப வாங்குவது எப்படி? முடக்கப்பட்டவை பட்டியலை எல்லா இடத்திலும் சோதிக்கிறோமா என்று எனக்கே உறுதியில்லை.

முப்பந்தல்_காற்றாடி எழுதியது:

அவர் டிராக்கரின் தொழிற்சாலை அடையாளம் அவருடையதாகவே இருக்கட்டும், அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். உங்கள் சர்வரில் எழுத ஒரு உள்ளூர் சர்டிபிகேட் மட்டும் கொடுங்கள், அதன் முடிவுத் தேதியை அவரோடு போட்ட ஒப்பந்தம் முடியும் தேதியாகவே வையுங்கள். ஒப்பந்தம் மே 31 என்றால் சர்டிபிகேட்டும் மே 31, நீட்டித்தால் இரண்டையும் சேர்த்து நீட்டுங்கள். எங்கள் பக்கம் பராமரிப்பு ஆட்களுக்கு இப்போது இப்படித்தான் கொடுக்கிறோம், திரும்ப வாங்க யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. இடையிலேயே ஒப்பந்தம் முறிந்தால் மட்டும் கையால் முடக்க வேண்டிவரும், அதற்கு அனுமதிப் பட்டியலை சர்வர் பக்கமே வைத்துக்கொண்டு அதிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிட்டால் போதும்.

அப்புறம் அந்தச் சர்டிபிகேட்டுக்குக் கதவு நிலையை எழுத மட்டும் அனுமதி கொடுங்கள். வெப்பநிலை உங்கள் லாகரிலிருந்து மட்டும் வரட்டும்.